உயரத்திலிருந்து குவாட்காப்டரை (நான்கு இறக்கை ட்ரோனை) பத்திரமாக இறக்குவது எப்படி?

கேள்வி – பிப்ரவரி 9

120 மீட்டர் உயரத்தில் படம் எடுத்துவிட்டு இறங்கும்போது, ட்ரோனை ஏற்றி இறக்கும் த்ராட்டில் ஸ்டிக்கை முழுவதுமாகக் கீழே இழுத்தேன். பாதி வழியில் ட்ரோன் குலுங்கத் தொடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. மோட்டார், அது சுழற்றும் இறக்கை, பேட்டரி மூன்றையும் சோதித்துவிட்டேன். எதிலும் குறை தெரியவில்லை. மெதுவாக இறக்கினால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்றும் வேகமாக இறக்கினால் விழுந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எந்த வேகத்தில் இறக்குவது சரி?

பிப்ரவரி 9, இரவு

உங்கள் ட்ரோனில் குறை எதுவும் இல்லை. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அது இறங்கியிருக்கிறது.

அந்தரத்தில் நிற்கும் குவாட்காப்டர் தன் எடையைத் தாங்குவதற்காக ஓயாமல் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. செங்குத்தாக இறக்கும்போது அந்தக் காற்று விலகிப் போவதற்குள் ட்ரோன் அதைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. இறக்கையின் நுனியில் வெளிப்பக்கமாக மேலேறும் காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு, ஒவ்வொரு இறக்கையைச் சுற்றியும் வளையம் போல உருளத் தொடங்குகிறது. ஹெலிகாப்டர் விமானிகள் வோர்டெக்ஸ் ரிங் என்று சொல்லும் சுழல் வளைய நிலை இதுதான். தளர்ந்த மணலில் ஓடுபவரின் காலடியில் மணல் சரிவதைப் போல, இறக்கைக்குப் பிடிப்புக் கிடைக்காமல் போகிறது. நான்கு இறக்கைகளும் ஒரே கணத்தில் பிடிப்பை இழப்பதில்லை. எது முதலில் இழக்கிறதோ அந்தப் பக்கம் ட்ரோன் சாய்கிறது. நீங்கள் பார்த்த சாய்வு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லா ட்ரோனுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. எடையையும் இறக்கையின் அளவையும் சொன்னால் கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறக்க வேண்டாம்.

பிப்ரவரி 10, காலை

எடை 1.4 கிலோ, இறக்கையின் விட்டம் 9.4 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு எளிது. ட்ரோனின் எடையை நியூட்டனில் எழுதி, அதைக் காற்றின் அடர்த்தி, நான்கு இறக்கைகளும் சுழலும் வட்டங்களின் மொத்தப் பரப்பு, 2 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எடை 13.7 நியூட்டன், பரப்பு 0.18 சதுர மீட்டர், கடல் மட்டத்தில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. விடை வினாடிக்குச் சுமார் 5.6 மீட்டர். நிலையாக நிற்கும்போது இறக்கையின் வழியே காற்று கீழே போகும் வேகம் இது.

இறங்கும் வேகம் இதில் ஏறத்தாழ பாதியைத் தொடும்போது குலுக்கல் தொடங்குகிறது. இதற்குச் சமமாகும் நேரத்தை ஒட்டி நிலைமை மிக மோசமாகிறது. உங்கள் ட்ரோனுக்கு 2.8 மீட்டரில் எச்சரிக்கை, 4 மீட்டருக்கு மேல் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். 249 கிராம் எடையுள்ள சிறிய ட்ரோன்களில் இந்த அடிப்படை வேகமே 4.7 மீட்டர்தான், ஆகவே எச்சரிக்கை இன்னும் முன்னதாகவே வந்துவிடும். பந்தயத்துக்குப் பறக்கவிடும் 5 அங்குல இறக்கை ட்ரோன்களில் அது 7 மீட்டரைத் தாண்டுவதால் அவை சற்று அதிகம் தாங்குகின்றன.

இந்த எண்களை மதில்சுவராக நினைக்க வேண்டாம். காற்று அசையாத மாலையில் 2.5 மீட்டரிலேயே குலுங்கிய ட்ரோனையும் கண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10, மாலை

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்கு நேர்ந்ததைச் சொல்வதுதான் நல்ல பதில்.

இதே எடையுள்ள ட்ரோன் ஒன்றை, நானே பூட்டியது, சில வருடங்களுக்கு முன்னால் 90 மீட்டரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். திரையில் இறங்கும் வேகம் 3.0 என்று நின்றிருந்தது. ஸ்டிக்கை நான் அசைக்கவில்லை. ஆனால் எண் 3.4, பிறகு 4.1, பிறகு 4.8 என்று ஏறியது. அதற்கு முன்பே சத்தம் மாறிவிட்டிருந்தது. ஒரே சுருதியில் ரீங்காரமிட்ட மோட்டார்கள் திணறுவதைப் போல விட்டுவிட்டுக் கரகரத்தன. வீடியோவில் தொடுவானம் இடமும் வலமுமாக ஊசலாடியது. பதறிப்போய் த்ராட்டிலை முழுவதுமாக மேலே தள்ளினேன். மோட்டார்கள் அலறின, எண் 5.2 ஆனது. மூன்று வினாடிகள் அப்படியே பிடித்திருந்தேன். அந்த மூன்று வினாடிகளில் பதினைந்து மீட்டர் போய்விட்டது. பிறகு ட்ரோன் முன்பக்கம் இடமாகக் கவிழ்ந்தது. மீதி உயரம் அதை நிமிர்த்தப் போதவில்லை. ட்ரோனின் கால்கள் இரண்டும், மோட்டாரைத் தாங்கும் ஒரு கையும் முறிந்தன. கீழே ஆட்கள் யாரும் இல்லாத வயல் அது என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

த்ராட்டிலைக் கூட்டினால் இறக்கை இன்னும் வேகமாகக் காற்றைத் தள்ளும். தள்ளப்பட்ட காற்று அதே வளையத்துக்குள் சுற்றிவந்து வளையத்தை வலுப்படுத்தும். வெளியேறும் வழி பக்கவாட்டில்தான் இருக்கிறது. வலது ஸ்டிக்கை முன்னாலோ பக்கத்திலோ தயங்காமல் தள்ளிக் கலங்காத காற்றுக்கு நகருங்கள். ட்ரோன் நகரத் தொடங்கிய பின் இறக்கத்தை நிறுத்துங்கள். ஓரிரு வினாடிகளில் இறக்கை பிடிப்பைத் திரும்பப் பெறுவதைச் சத்தத்திலேயே உணரலாம்.

பிப்ரவரி 11

இது பொம்மை ட்ரோன்களுக்கு மட்டும் உரிய தொல்லையா என்று கேட்டவருக்கு: இல்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரானா விமான நிலையத்தில், இரண்டு சுழலிகளை மேல்நோக்கித் திருப்பி ஹெலிகாப்டர் போல இறங்கும் வி-22 ஆஸ்ப்ரே விமானம் ஒன்று தரையிறங்கும்போது விழுந்து, அதிலிருந்த 19 பேரும் இறந்தார்கள். முன்னோக்கிச் செல்லும் வேகம் குறைவாக இருக்கும்போது நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. அன்று அது 2,000 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியது. இரண்டு சுழலிகளில் ஒன்று சுழல் வளைய நிலைக்குள் சிக்கித் தாங்கும் விசையை இழக்க, மற்றது தாங்கிக்கொண்டிருக்க, விமானம் ஒரு பக்கமாகப் புரண்டது.

800 அடி என்பது வினாடிக்கு 4 மீட்டர். ஒரு பக்கச் சுழலி மட்டும் பிடிப்பை இழக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 12, இரவு

இப்போது வழிமுறை. நான் கடைப்பிடிப்பது வட்டமிட்டு இறங்குவது. 20 மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 25 வினாடி ஆகும். கூடவே வினாடிக்கு 2 மீட்டர் இறங்கினால் ஒரு சுற்றில் 50 மீட்டர். 120 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வர இரண்டே சுற்றுகள் போதும். ட்ரோன் எப்போதும் புதிய காற்றுக்குள் போய்க்கொண்டிருப்பதால் வளையம் உருவாக வாய்ப்பே இல்லை.

பிப்ரவரி 17

முந்தைய குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். படித்துவிட்டு யாரேனும் அப்படியே செய்திருந்தால், தயவுசெய்து இதையும் படியுங்கள்.

நேற்று மேலே நல்ல காற்று வீசியது. நான் எழுதியபடியே வட்டமிட்டு இறக்கினேன். முதல் சுற்றில் ஓரிடத்தில் லேசாகக் குலுங்கியது. இரண்டாம் சுற்றிலும் அதே திசையில், அதே இடத்தில் குலுங்கியது. மூன்றாவதாக வேண்டுமென்றே மேலேற்றி மீண்டும் சுற்றினேன், மறுபடியும் அங்கேயே. வீட்டுக்கு வந்து பறத்தல் பதிவைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. குலுக்கல் வந்த இடம், வட்டத்தில் ட்ரோன் காற்றின் போக்கிலேயே போன பகுதி.

ஜிபிஎஸ் உதவியோடு பறக்கும்போது நாம் காண்பதும் கட்டுப்படுத்துவதும் தரையைப் பொறுத்த வேகம். இறக்கைக்கோ காற்றைப் பொறுத்த வேகம்தான் கணக்கு. வினாடிக்கு 5 மீட்டர் காற்று வீசும்போது அதே திசையில் 5 மீட்டர் வேகத்தில் போனால், ட்ரோனைச் சுற்றியுள்ள காற்று அதனுடனேயே வருகிறது. கீழே தள்ளிய காற்றும் கூடவே வருகிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு ட்ரோன் விரைந்து போவதாகத் தெரியும். இறக்கையின் கணக்கில் அது அசையாத காற்றில் நேராகக் கீழே இறங்குகிறது. எதிர்த்துப் போகும் பாதியில் 10 மீட்டர் காற்று கிடைக்கிறது. கூடப் போகும் பாதியில் ஒன்றுமே இல்லை.

ஆகவே காற்று இருக்கும் நாளில் வட்டம் வேண்டாம். காற்றுக்குக் குறுக்காக இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக, மலைப்பாதை வளைந்து இறங்குவதைப் போல இறக்குங்கள். 5 மீட்டர் காற்றில் 5 மீட்டர் வேகத்தில் குறுக்காகப் போனால் காற்றைப் பொறுத்த வேகம் எந்த நேரத்திலும் 7 மீட்டருக்குக் குறையாது. உங்கள் ட்ரோனின் 5.6 மீட்டரை அது தாண்டிவிடுகிறது. திரும்பும் இடங்களில் மட்டும் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள்.

காற்றே இல்லாத நாளில் வட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 17, சற்று நேரம் கழித்து

ஒரே இடத்தின் மேல் நின்றபடி இறக்கினால் வீசும் காற்றே ட்ரோன் கீழே தள்ளிய காற்றை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். நல்ல காற்றில் நின்ற இடத்திலிருந்து இறக்குவது, அமைதியான நாளில் இறக்குவதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் மேலே வீசும் வேகம் கீழே இருப்பதில்லை. தரையை நெருங்க நெருங்க, அதிலும் மரங்களின் மறைவுக்குள் வரும்போது, காற்று சட்டென்று அடங்கிவிடும். 100 மீட்டரில் சிக்கலில்லாமல் இறங்கிய அதே வேகம் 30 மீட்டரில் குலுக்கும். மீட்பதற்கு உயரம் மிச்சமில்லாத இடத்தில் அந்தக் குலுக்கல் வருவதுதான் ஆபத்து. எனவே 40 மீட்டருக்குக் கீழே வேகத்தைப் பாதியாக்குகிறேன்.

பிப்ரவரி 20

பேட்டரி பயத்துக்கு வருகிறேன். இறங்குவது ஓய்வு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. மெதுவாகச் செங்குத்தாக இறங்கும் குவாட்காப்டர், அந்தரத்தில் நிற்பதற்கு ஆகும் மின்சாரத்தை ஏறக்குறைய அப்படியே செலவழிக்கிறது. குலுங்கும் நிலைக்குள் போய்விட்டால் நிற்பதைவிட அதிகமாகக்கூடச் செலவழிக்கும். மாறாக, மிதமான வேகத்தில் முன்னோக்கிப் போகும்போது நிற்பதைவிடக் குறைவான திறனே போதும், ஏனென்றால் இறக்கைக்கு ஒவ்வொரு கணமும் புதிய காற்று கிடைக்கிறது. சாய்வாக இறங்குவது பாதுகாப்பு மட்டுமன்று, சிக்கனமும்கூட.

கணக்கு இப்படி. உங்கள் பேட்டரி அந்தரத்தில் 20 நிமிடம் தாங்கும் என்றால் நிமிடத்துக்கு 5 சதவீதம். 120 மீட்டரை வினாடிக்கு 2 மீட்டராக இறங்க ஒரு நிமிடம், 5 சதவீதம்தான். மெதுவாக இறக்கினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று நீங்கள் அஞ்சியதற்கு இந்த உயரத்தில் காரணமே இல்லை. உரிய அனுமதியோடு நில அளவைக்காக 400 மீட்டர் வரை ஏற்றிய வேலையில் நிலைமை வேறாக இருந்தது. வினாடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்தால் இறங்க மட்டுமே நாலரை நிமிடம், அதாவது 22 சதவீதம். எதிர்காற்றில் திரும்பி வரும் செலவு அதற்கு மேல். அந்த வேலையில் 50 சதவீதத்தில் இறங்கத் தொடங்குவது என்று ஏற்றுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டோம், அதன்படியே செய்தோம். மேலே போன பிறகு முடிவெடுக்க நினைத்தால் இன்னும் ஒரு படம் என்ற ஆசை எப்போதும் வென்றுவிடும்.

பிப்ரவரி 20, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட்டையும் பாருங்கள். மேலே குளிர்ந்த பேட்டரியின் உள் மின்தடை கூடியிருக்கும். இறக்கத்தை நிறுத்த த்ராட்டிலைக் கூட்டும் அந்தக் கணத்தில் வோல்ட் சரியும். திரையில் 30 சதவீதம் காட்டிக்கொண்டே எச்சரிக்கை ஒலிக்கலாம். பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் என்பது என் எல்லை. அதற்கு முன்பே கீழே இருக்க விரும்புகிறேன்.

பிப்ரவரி 23

"வீடு திரும்பும் பொத்தானை அழுத்திவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா?"

பார்த்துக்கொள்ளும், ஆனால் எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ட்ரோன்கள் கிளம்பிய இடத்தின் நேர் மேலே வந்து நின்று, அங்கிருந்து செங்குத்தாக இறங்கும். இதுவரை நாம் தவிர்க்கச் சொன்ன பாதை அதுவேதான். இதைத் தயாரித்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் தானியங்கி இறக்கத்தின் வேகத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டில் இயல்பான அமைப்பு வினாடிக்கு 1.5 மீட்டர், கடைசி 10 மீட்டரில் அரை மீட்டர். அதன்படி 120 மீட்டரிலிருந்து தரைக்கு வர ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பொறுமையோடு இருந்தால் குறையொன்றும் இல்லை. சலிப்படைந்து அந்த 1.5ஐ 4 என்று மாற்றிவிட்டு, பிறகு ட்ரோன் கெட்டுவிட்டது என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. ஆலையில் வைத்த எண்ணுக்குப் பின்னால் யாரோ விழுந்து எழுந்த அனுபவம் இருக்கிறது.

நான் செய்வது: பொத்தானை அழுத்தி அருகில் வரவைத்து, தலைக்கு மேலே வந்து நிற்பதற்குள் ரத்துசெய்துவிட்டு, கையால் சாய்வாக இறக்குகிறேன். சிக்னல் போய்த் தானாகத் திரும்பும் வேளையில் அதுவே இறங்கட்டும், குறுக்கிட வேண்டாம்.

பிப்ரவரி 26

ட்ரோனின் கேமரா காட்சியைக் காட்டும் கண்ணாடி அணிந்து பறக்கவிடும் நண்பர், தான் மூக்கைக் கீழே குத்தி மலையுச்சியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டருக்கும் மேல் பாய்வதாகவும் ஒருபோதும் குலுங்கியதில்லை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் முரண்படவில்லை. அவருடைய ட்ரோன் பாய்ச்சலில் ஏறக்குறையச் செங்குத்தாகத் திரும்பியிருப்பதால், காற்று இறக்கையின் வட்டத்துக்குக் கீழிருந்து வருவதில்லை. விளிம்பின் வழியாகவோ மேற்பக்கத்திலிருந்தோ வருகிறது. தான் தள்ளிய காற்றைத் தானே துரத்தும் நிலை அங்கே ஏற்படுவதில்லை. அவருக்குச் சோதனை வருவது நிமிர்த்தும்போதுதான். அந்தக் கணத்தில் வரும் அதிர்வை ப்ராப்வாஷ் என்று அவர்களே சொல்கிறார்கள். த்ராட்டில் பூஜ்யத்தில் இருக்கும்போதும் மோட்டார்களின் சுற்று ஓர் அளவுக்குக் கீழே போய்விடாமல் காக்கும் டைனமிக் ஐடில் என்ற வசதி, அவர்கள் பயன்படுத்தும் பீட்டாஃப்ளைட் மென்பொருளின் 4.2இல் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் படம் எடுக்கும் ட்ரோன் அப்படிக் குத்திட்டுப் பாய முடியாது. சாய்வுக்கு எல்லை வைத்து ஓட்டும் எந்திரம் அது. அவருடைய வேகத்தை நம்முடைய ட்ரோனில் முயல வேண்டாம்.

மோட்டார்களை நிறுத்தி விழவிட்டு, கீழே வந்ததும் மீண்டும் இயக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. நின்ற மோட்டார் விழும் ட்ரோனில் சரியாக மீண்டும் கிளம்பும் என்பதற்கு உறுதி இல்லை. அதற்குள் ட்ரோன் உருளத் தொடங்கியிருக்கும்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் நேற்று இறக்கிய பதிவை அனுப்பியிருக்கிறார். காற்றுக்குக் குறுக்காக, வினாடிக்கு 2 மீட்டர், ஐந்து வளைவுகள். 110 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வரை, பதிவின் வரைபடத்தில் நான்கு மோட்டார்களின் கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டியே போகின்றன. அருமையாக இறக்கியிருக்கிறீர்கள். 35 மீட்டரில் மட்டும் இடது பின் மோட்டாரின் கோடு இரண்டு வினாடிகளுக்குத் துள்ளுகிறது. அந்த இடத்தில் பக்கவாட்டு வேகம் 1 மீட்டருக்கும் கீழே வந்திருக்கிறது, இறங்கும் வேகமோ 2 மீட்டராகவே இருக்கிறது. மரங்களின் மறைவுக்குள் வந்ததும் காற்று அடங்கியிருக்கும், நீங்களும் இறங்கும் இடத்தைப் பார்க்க நகர்வை நிறுத்தியிருப்பீர்கள். அடுத்த முறை நகர்வை நிறுத்துவதற்கு முன்னால் இறக்கத்தைக் குறையுங்கள். முதலில் இறக்கம் 1 மீட்டருக்கு வரட்டும், பிறகு நகர்வு நிற்கட்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

மார்ச் 3

உயரத்தைக் காட்டும் எண் தரையில் நிற்கும்போதும் மைனஸ் 2 என்று காட்டியது ஏன் என்பதற்கு: அந்த எண் பாரோமீட்டர் அளக்கும் காற்றழுத்தத்திலிருந்து வருகிறது. பறந்த அரைமணி நேரத்தில் வானிலையின் அழுத்தம் சற்று மாறினாலும், கருவி சூடேறினாலும் ஓரிரு மீட்டர் நகர்ந்துவிடும். கிளம்பிய இடத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் இறங்கினாலும் அதே கதைதான். அது காட்டுவது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரமே தவிர, காலடியில் உள்ள தரையிலிருந்து அல்ல. ஆகவே கடைசி 10 மீட்டரை எண்ணைப் பார்த்து இறக்காதீர்கள். ட்ரோனையும் அதன் நிழலையும் பாருங்கள். நிழல் ட்ரோனை நோக்கி நெருங்கிவரும் வேகத்தைக் கொண்டு இறங்கும் வேகத்தை உணரலாம். மேகமூட்டமான நாளில் நிழல் கிடைக்காது. அன்று கால் பதியும் இடத்தில் புல் எப்போது சாயத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். புல் படுக்கத் தொடங்கிவிட்டால் தரை மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஸ்டிக்கை மயிரிழை அளவே அசைக்கிறேன்.